வரிசையில் நின்ற ஏரி

வெண்ணேரிப்பாக்கத்தில் மேகக் கம்பெனி கட்டடம் எழும்பிச் சில ஆண்டுகள் ஆகியிருந்த ஒரு சித்திரை மாதத்துக் காலையில், உள்ளே முறை கிடைக்காமல் காத்துக்கொண்டிருந்த வேலைகளெல்லாம் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து, ஆணும் பெண்ணுமாக, ரோட்டோரத்தில் வரிசையாக நின்றன. புழுக்கம் தாங்காமல் வந்தன என்று சிலர் சொன்னார்கள், உள்ளே நிற்க இடமில்லை என்று சிலர் சொன்னார்கள். காரணத்தை யாரும் நெடுநேரம் பேசவில்லை. காலை பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்து, வழி கேட்டது.

அந்தக் கட்டடத்துக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே அலமாரி அலமாரியாகக் கம்ப்யூட்டர்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரியும் வங்கியும் சினிமாக் கம்பெனியும் கல்லூரியும் தங்களால் செய்ய முடியாத கணக்குகளைக் கம்பி வழியாக அங்கே அனுப்பும், கம்ப்யூட்டர்கள் செய்து முடித்துத் திருப்பி அனுப்பும். எல்லாக் கணக்கையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பதால் எது முன்னால், எது பின்னால் என்று ஒரு புரோகிராம் முடிவு செய்தது. அதுவரை வேலைகள் காத்திருந்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. இப்போது தெரிந்தது, அவ்வளவுதான்.

கேட்டுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருந்த பச்சையம்மாள்தான் முதலில் அவர்களிடம் பேசினாள். நம்மைப் போலவேதான் இருந்தார்கள். வெயிலில் வியர்க்கவில்லை, இட்லி வாசனைக்குத் திரும்பிப் பார்க்கவில்லை, அது மட்டும்தான் வித்தியாசம்.

"யாருப்பா நீங்கல்லாம், எந்த ஊரு?"

முன்னால் நின்ற இளம்பெண் சொன்னாள்: "நான் ஒருத்தரோட நுரையீரல் படம்க்கா. சாயங்காலத்துக்குள்ள என்னைப் பார்த்து இன்னா நோவுன்னு சொல்லணும்."

அவளுக்குப் பின்னால் நின்றவன் தான் ஒரு கார் விளம்பரம் என்றான். அதற்கும் பின்னால் நின்ற கனத்த ஆள், "நான் சினிமாவுல வர்ற யானை. உடம்பெல்லாம் ஆச்சு, முடி மட்டும் இன்னும் வரையல" என்றார்.

"சரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அடுப்பு பத்த வைக்கணும்" என்றாள் பச்சையம்மாள்.

ஊர் அவர்களை அப்படித்தான் ஏற்றுக்கொண்டது. முதல் வாரம் பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்துப் பார்க்க வந்தார்கள், அடுத்த வாரம் வரிசைக்கு மேலே பஞ்சாயத்துப் பந்தல் போட்டது, அதற்கு அடுத்த வாரம் பந்தலில் தங்கள் கட்சியின் பெயர் முதலில் வர வேண்டுமென்று இரண்டு கட்சிக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள், அம்மன் தேர் வரும்போது வரிசை எந்தப் பக்கம் வளைந்து வழிவிட வேண்டும் என்று பேச ஒரு கூட்டம் நடந்தது, வைகாசி முடிவதற்குள் ஆடுகள் அவர்களுடைய கால்களுக்கு நடுவே படுத்து அசைபோடப் பழகிவிட்டன. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து இந்த வரிசையைக் காட்டினார்கள். பச்சையம்மாளின் கடையில் கூட்டம் தாங்கவில்லை. பக்கத்தில் ஒரு தார்ப்பாய் இழுத்துக் கட்டி நாலு பெஞ்சு போட்டாள்.

முறை வந்தவர்கள் கேட்டுக்குள்ளே போனார்கள், போனவர்கள் திரும்பவில்லை. கணக்கு முடிந்ததும் கம்பி வழியாகத் தங்களை அனுப்பியவரிடம் போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்றார் காவல்காரர். முறை வருவதற்குள் கெடு தாண்டிவிட்டவர்கள்தான் சிக்கலாக இருந்தார்கள். கெடு தாண்டிய அந்த நிமிஷத்தில் தாங்கள் எதற்காக வந்தோம் என்பது அவர்களுக்கு மறந்துவிடும், வரிசையிலிருந்து ஒரு அடி விலகி நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எனக்கு ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்பார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் நாலைந்து பேரைப் பஞ்சாயத்துத் தலைவர் ஏகாம்பரம் தன் வேர்க்கடலைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் களைக்கொத்தைக் கையில் கொடுத்தார். சொன்ன வரிசையில் சொன்னபடி கொத்தினார்கள். சோறு கேட்கவில்லை, கூலி கேட்கவில்லை, நிழலுக்கு ஒதுங்கவில்லை. மறுநாள் அவருடைய பங்காளிகள் வந்து ஆளுக்குச் சிலரைக் கூட்டிப்போனார்கள். ஆனி பிறந்தபோது ஊரில் நிலம் வைத்திருந்த எல்லாருடைய கொல்லையிலும் கெடு தாண்டியவர்கள் குனிந்து நின்றார்கள், அந்த வேலைகளையெல்லாம் காலங்காலமாகக் கூலிக்குச் செய்துவந்த மேற்குத் தெருக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சையம்மாளின் வீடும் மேற்குத் தெருவில்தான். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் சேர்த்து அழைத்துப்போகிறவனாக இருந்த அவள் புருஷன் கன்னியப்பன் இப்போது கடையில் எச்சில் தட்டுக் கழுவினான். தட்டுகளைத் தேவைக்கு மேல் தேய்த்தான்.

வரிசையின் ஒழுங்கு சுகிர்தாவின் கையில் இருந்தது. நாகர்கோயில் பக்கத்துப் பெண், ஏகாம்பரம் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தாள், கம்பெனியில் அந்த முன்பின் பார்க்கும் புரோகிராமைக் கவனித்துக்கொண்டாள். காலையில் பச்சையம்மாள் கடையில்தான் சாப்பாடு. ஒருநாள் பச்சையம்மாள், அப்படி என்னதான் வேலை அது என்று கேட்டாள்.

"ஒரு குடம் தண்ணி இருக்குன்னு வைங்கக்கா, மூணு வீடு கேக்குது. ஒரு வீடு, எல்லா வேலையும் சீக்கிரம் முடியணும்னு கேக்குது. அது காசு குடுக்கிறவங்க. இன்னொரு வீடு, செலவு கம்மியாகணும்னு கேக்குது. அது எங்க ஹெட் ஆபீஸ். மூணாவது வீடு, கரண்டும் தண்ணியும் மிச்சமாகணும்னு கேக்குது."

"அது நாங்களா?"

"நீங்கதான். மெஷின் சூட்டைத் தணிக்க உங்க ஊர்த் தண்ணியத்தானே உறிஞ்சறோம். ஒரு வீட்டுக்குக் கூட ஊத்தினா இன்னொரு வீட்டுக்குக் குறையும். யாருக்கும் குறையாம யாருக்கும் கூட்ட முடியாதுங்கற இடம் ஒண்ணு வரும். அந்த இடத்துல கொண்டுபோய் நிறுத்தறதுதான் என் வேலை."

"நிறுத்திட்டா எல்லாருக்கும் சரியாப் போயிடுமா?"

"இல்லக்கா. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் திட்டுவாங்க. அப்படித் திட்டினா சரியா நிறுத்தியிருக்கேன்னு அர்த்தம்."

வேலைகள் வெளியே வந்து நிற்கும்வரை சுகிர்தாவுக்கு அந்தப் பேச்சு சுலபமாக இருந்தது. திரையில் அவை எண்களாக இருந்தன, எண்களை முன்னும் பின்னும் நகர்த்துவதில் கைக்கு ஒரு வலியும் இல்லை. இப்போது ஒவ்வொரு நாளும் அவள் அந்த வரிசையைக் கடந்து உள்ளே போகவும் வெளியே வரவும் வேண்டியிருந்தது. வைகாசியில் ஒருநாள் சாயங்காலம், வேறொரு நுரையீரல் படம், நடுவயதுப் பெண், வெயில் சாயச் சாயத் தன் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் தாங்காமல், அவள் கையைப் பிடித்து நேராக உள்ளே கூட்டிப்போய், கையாலேயே புரோகிராமைத் திறந்து, எல்லாருக்கும் முன்னால் அவளை வைத்தாள். அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் கேட்டுக்குள்ளிருந்து ஒருவன் வெளியே வந்தான். உள்ளே முதல் ஆளாக நின்றவன், அவளுக்காகப் பின்னால் தள்ளப்பட்டு, விடிவதற்குள் கெடு தாண்டிவிட்டவன். ஒரு சிறுநீரகம் எந்த நோயாளிக்குப் பொருந்தும் என்று பார்க்க வேண்டிய கணக்கு அவன் என்பதைச் சுகிர்தா திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டாள், அவனுக்கு அது நினைவில்லை. அவள் முகத்துக்கு எதிரே வந்து நின்று, "எனக்கு ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்டான். ஏகாம்பரத்தின் ஆள் வந்து அவனை வரப்பு வெட்டக் கூட்டிப்போனான்.

அன்று சுகிர்தா சாப்பிடவில்லை. இனி கையால் யாரையும் முன்னே தள்ளுவதில்லை, முகம் பார்த்து எடுக்கிற முடிவு முகம் தெரியாத ஒருவனைக் கொல்கிறது, எல்லாருக்கும் பொதுவாக ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்து அதன் கையில் விட்டுவிடுவதே சரி என்று முடிவு செய்தாள். அந்த முடிவில் தப்பிருந்ததாக இன்றுவரை யாராலும் எடுத்துச் சொல்ல முடியவில்லை.

ஆனியில் கிணறுகள் வற்றின. ஏகாம்பரம் ஊரைத் திரட்டிக் கம்பெனியின் தண்ணீர் லாரிகளை மறித்தார். மேனேஜர் ரகுநந்தன் சென்னையிலிருந்து காரில் வந்து, காசு கொடுக்கிறவர்களின் வேலை ஒரு நிமிஷம் தாமதித்தாலும் கம்பெனி அபராதம் கட்ட வேண்டும் என்றார். ஹெட் ஆபீஸ் கரண்ட் செலவைக் குறைக்கச் சொன்னது. மூன்று பேரும் சுகிர்தாவைப் பார்த்தார்கள். ஆடி மாதம் முழுக்க அவள் அந்தப் பாகப்பிரிவினையில்தான் கிடந்தாள். ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து, ஓட்டிப் பார்த்து, அழித்து, மறுபடி ஓட்டிப் பார்த்து, கடைசியில் மூன்று வீடும் சம அளவு முணுமுணுக்கிற ஒரு இடத்தைக் கண்டுபிடித்தாள். மெஷின்களில் பாதியை நிறுத்தி வைப்பது, காசு கொடுக்கிறவர்களின் வேலைகளை ஓடுகிற பாதியில் நெருக்கி அடுக்கிக் கெடுவுக்குள் முடிப்பது, அதனால் கரண்டும் தண்ணீரும் மிச்சமாவது.

வரிசைக்குப் போட்ட பந்தலிலேயே கூட்டம் நடந்தது. அவள் விளக்கியதும் எல்லாரும் தலையாட்டினார்கள்.

"இதுல யாருக்குக் குறையுது?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"காசில்லாம அனுப்பறவங்களுக்கு. ஸ்கூல், காலேஜ், அந்த மாதிரி. மத்தவங்க வேலை போக மிச்ச இடத்துலதான் அவங்க வேலை ஓடும். அந்த மிச்சம் ரொம்பக் குறைஞ்சிடும்."

"மிச்சந்தானேம்மா" என்றார் அவர். சிரித்தார்கள். மூன்று தரப்பும் சம்மதம் சொல்லி, மூன்று தரப்பும் சேராமல் இனி அதை மாற்றக் கூடாது என்று கையெழுத்துப் போட்டு, சுகிர்தாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். பச்சையம்மாள் எல்லாருக்கும் காபி கொடுத்தாள். அப்போது யாருக்கும் அவ்வளவாகப் புலப்படாத ஒன்று அடுத்த வாரம் புலப்பட்டது: பந்தலில் காத்து நிற்கிறவர்கள் கூடிவிட்டார்கள், கெடு தாண்டி விழுகிறவர்களும் கூடிவிட்டார்கள். ஏகாம்பரம் போன வருஷம் தரிசாகப் போட்ட நிலத்தையும் சேர்த்து உழச் சொன்னார்.

புரட்டாசிக் கடைசியில் ஏரிக்காரர் வந்தார்.

கட்டம் போட்ட சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட கை, ஐம்பது வயசு மதிக்கலாம். வரிசையின் கடைசியில் நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் அவரைத் தாண்டி முன்னே போனார்கள், அவர் கடைசியிலேயே நின்றார். வரிசையின் வால் பச்சையம்மாள் கடையின் தார்ப்பாய்க்குக் கீழே முடிந்ததால் அவர் கடையிலேயே இருப்பது போல ஆகிவிட்டது. தட்டுக் கழுவிக்கொண்டிருந்த கன்னியப்பன்தான் கேட்டான்.

"நீங்க இன்னா வேலைங்க?"

"நான் இந்த ஊரு ஏரிதாண்ணே. எவ்ளோ மழை பேஞ்சா எவ்ளோ தண்ணி வரும், கரை எங்க பலமா இருக்கு, எங்க பலமில்ல, எல்லாத்தையும் ஏதோ ஒரு காலேஜ்ல தண்ணி படிக்கிற புள்ளைங்க அளந்து எழுதி அனுப்பியிருக்காங்க. இந்த வருஷத்து மழைக்கு நான் தாங்குவனா மாட்டனான்னு பார்க்கணும்."

"தாங்குமா?"

"தெரியாதுண்ணே. என்கிட்ட கேள்வி மட்டுந்தான் இருக்கு. உள்ள போனாத்தான் பதில்."

"எப்பப் போவீங்க?"

"எனக்குக் கெடு போடலண்ணே. புள்ளைங்களுக்குப் போடத் தெரியல போல. கெடு இருக்கிறவங்கல்லாம் போனப்புறம்."

ஊருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மற்றவர்கள் எங்கெங்கோ இருக்கிற நோயையும் விற்பனையையும் பேசினார்கள், இவர் பேசியது அவர்களுடைய ஏரி. மதகு எந்த ஆண்டு கட்டியது, தூர் வாராமல் எத்தனை அடி மண் சேர்ந்திருக்கிறது, தெற்குக் கரையில் பனைமரம் வெட்டிய இடத்தில் மண் எப்படி இளகியிருக்கிறது என்று எதைக் கேட்டாலும் சொன்னார். மேற்குத் தெருப் பெண்கள் தண்ணீருக்குப் போகும்போது, "இன்னா ஏரிக்காரரே, இன்னுமா நிக்கிறீங்க?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கெடு இல்லாததால் அவருக்குக் கெடு தாண்டவும் இல்லை. ஏகாம்பரத்தின் ஆள் வந்து நாற்று பறிக்கக் கூப்பிட்டபோது, "எனக்கு வேலை இருக்குங்க" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

சுகிர்தா தினமும் அவரைப் பார்த்தாள். இட்லி சாப்பிடும்போது அவருக்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகினாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்த அன்று பச்சையம்மாள் சொன்னாள்: "இவரை உள்ள இட்டுனு போயேன் பாப்பா. எத்தினி நாளா நிக்கிறாரு."

"கணக்குப்படி அவருக்கு முறை வரலக்கா."

"கணக்குப் போட்டதே நீதானே."

"அதனாலதான். ஒருத்தரைக் கையால உள்ள தள்ளினா வேற ஒருத்தர் வெளிய விழறார். அவர் யாருன்னு எனக்கு முன்னாடியே தெரியாது. ஒருதடவை பண்ணிட்டேன். அந்த ஆள் இப்போ ஏகாம்பரம் ஐயா வயல்ல நாத்து பறிக்கிறார்."

பச்சையம்மாள் வற்புறுத்தவில்லை. தார்ப்பாயின் கீழே பெஞ்செல்லாம் நிறைந்து, மழைக்கு ஒதுங்கியவர்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். "எப்படியோ, வரிசை கலையாம இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஈட்டுக்கு மாவு ஊற்றப் போனாள்.

மழை விடவில்லை. கிணறுகள் தளும்பின, கம்பெனியின் சூட்டைத் தணிக்கத் தண்ணீருக்கு இனிப் பஞ்சமில்லை, நிறுத்தி வைத்த மெஷின்களை ஓடவிட்டால் ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆடியில் கண்டுபிடித்த நியாயம் ஐப்பசிக்குப் பொருந்தவில்லை என்பது சுகிர்தாவுக்குத் தெரிந்தது. மாற்ற மூன்று தரப்பும் சேர வேண்டும். அவள் மாடியிலிருந்து இறங்கி ஏகாம்பரத்திடம் போனாள். அவர் நடவுக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப வேணாம்மா. மெஷினெல்லாம் ஓடினா வரிசை கரைஞ்சிடும். வரிசை கரைஞ்சா எனக்கு நடவுக்கு ஆள் ஏது? நடவு முடியட்டும், நானே வந்து கையெழுத்துப் போடறேன்."

"ஏரியைப் பத்தின கணக்கு ஒண்ணு நிக்குதுங்கய்யா."

"தெரியும். நல்ல மனுஷன். முறை வந்தா போகட்டும்."

"கூலிக்கு ஆள் இருக்காங்களே ஐயா, மேற்குத் தெருவுல."

ஏகாம்பரம் ஆள் பிரிப்பதை நிறுத்தினார். "நீ பெரிய படிப்பு படிச்ச பொண்ணு. சும்மா கிடைக்கிறதை விட்டுட்டுக் கூலி குடுன்னு எந்தக் கணக்குல சொல்லுவே?"

அவளுடைய எந்தக் கணக்கிலும் அது இல்லை. ரகுநந்தனுக்குப் போன் செய்தாள். வாடிக்கையாளர்கள் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை என்றும், நன்றாக ஓடுவதைத் தொட வேண்டாம் என்றும், இந்த ஏற்பாட்டை மற்ற ஊர்களிலும் கொண்டுவரப் போவதாகவும், அவள் பெயரைத் தான் மேலே சொல்லியிருப்பதாகவும் அவர் சொன்னார்.

ஒவ்வொரு வருஷமும் ஐப்பசியில் ஏரிக்கரைக் காவலுக்குக் கன்னியப்பனின் ஆட்கள்தான் போவார்கள். மண்மூட்டையும் மண்வெட்டியுமாகக் கரையில் குடிசை போட்டுக்கொண்டு, எங்கே கசிகிறது, எங்கே குமிழி விடுகிறது என்று பார்த்து அடைப்பார்கள், பஞ்சாயத்து கூலி கொடுக்கும். இந்த வருஷம் பஞ்சாயத்து கெடு தாண்டியவர்களைக் கரைமேல் நிறுத்தியது. ஏகாம்பரமே நேரில் போய், ஆளுக்கு இத்தனை அடி இடைவெளி என்று வரிசையாக நிறுத்தி, "இங்கயே நின்னு பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் வானம் சாம்பலாகி, எதிரே இருக்கிற கேட் தெரியாத அளவுக்கு மழை இறங்கியபோது, ஏரிக்காரர் முதன்முதலாகத் தானாகப் பேசினார். "அம்மா, என் கேள்வி கொஞ்சம் கொஞ்சமாப் பெருசாவுது" என்றார். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுகிர்தா கை கழுவினாள். குடையைப் பிரித்தாள். அவர் கையைப் பிடித்தாள், அது ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. காவல்காரர் ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்தார்.

உள்ளே பாதிக் கூடம் இருட்டாக இருந்தது. ஓடுகிற மெஷின்கள் எல்லாவற்றிலும் காசு கொடுத்தவர்களின் வேலைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. அவள் யாரையும் கிளப்பவில்லை. மிச்ச இடத்துக்கென்று விட்டிருந்தவற்றில் அப்போதுதான் காலியாகியிருந்த சில மெஷின்களின் எதிரே அவரைக் கொண்டுபோய் விட்டாள். கணக்கு ஓடத் தொடங்கியது. நாளை மத்தியானம் முடியும் என்றது திரை. இருட்டில் நிற்கிற மெஷின்களையும் சேர்த்து ஓடவிட்டால் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும் என்றும் அதே திரை சொன்னது.

ரகுநந்தனைக் கூப்பிட்டாள். அவர் ஏதோ விருந்தில் இருந்தார். "மூணு தரப்பு கையெழுத்து இருக்கு சுகிர்தா. நானா தனியா எப்படிச் சொல்றது? காலையில பேசிக்கலாம்" என்றார்.

அந்த மெஷின்கள் ஓட யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை, அவளுக்கு மட்டும்தான் அது தேவைப்பட்டது. சுவிட்ச் அவள் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. தொட்டால், தான் ஒரு மாதம் கிடந்து கண்டுபிடித்த நியாயத்தைத் தானே உடைத்ததாகும், இன்று ஏரிக்காக உடைத்தால் நாளைக்கு எதற்காகவும் உடைக்கலாம், பிறகு வரிசையில் நிற்கிற ஒவ்வொரு முகத்துக்கும் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி நின்றாள். பிறகு கம்பெனி வேனில் வீட்டுக்குப் போனாள். போனதும் ஏகாம்பரத்திடம், ஏரியின் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது என்று சொன்னாள்.

"ரொம்ப நல்லது" என்றார் அவர். மேற்குத் தெருவுக்கும் அதையே சொல்லி அனுப்பினார்: கணக்கு ஓடுது, முடிவு வந்ததும் சொல்லுவோம், அதுவரைக்கும் யாரும் பதற வேணாம். ஜனங்கள் பதறவில்லை. ஏரிக்காரர் உள்ளே போய்விட்டார் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டு, எடுத்து வைத்திருந்த மூட்டைகளைப் பரண் மேல் மறுபடி ஏற்றினார்கள். கன்னியப்பன் கரைக்கு ஒரு நடை போய்ப் பார்த்து வருவதாகக் கிளம்பினான். "முடிவு வரட்டும், மழையில இன்னாத்துக்கு?" என்று பச்சையம்மாள் அவனை உட்கார வைத்தாள்.

மேற்குத் தெருவுக்கு நேர் மேலே, மேற்கு மதகை ஒட்டிக் கரை உடைந்தது. விடியப் போகிற நேரம். கெடு தாண்டியவர்கள் கரைமேல் சொன்ன இடத்தில் நின்று, முதலில் கசிந்ததைப் பார்த்தார்கள், குமிழி விட்டதைப் பார்த்தார்கள், மண் வாய் திறந்ததைப் பார்த்தார்கள். பார்த்துக்கொள்ளத்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தது, கத்தச் சொல்லவில்லை. உடைப்பில் நின்றவர்கள் அப்படியே தண்ணீரோடு போனார்கள், மற்றவர்கள் இடைவெளி மாறாமல் நின்றார்கள்.

பச்சையம்மாள் மாவு ஆட்டக் கடைக்கு முன்னதாகவே வந்துவிட்டதால் பிழைத்தாள். கன்னியப்பன் வீட்டில் படுத்திருந்தான். தண்ணீர் வடிந்தபோது அவனைத் தெருமுனைப் புளியமரத்தின் கிளையிலிருந்து இறக்கினார்கள். அவனுக்குக் கீழே இன்னும் சிலரை. தெருவில் பாதி வீடுகளின் சுவர் நின்ற இடம் தெரியவில்லை. ஏகாம்பரத்தின் நடவு வயல்களும் மண்மூடிப் போயின. அவர் வரப்பில் நின்று, எதையோ கேட்க வந்து மறந்துவிட்ட ஆளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் மழை வெறித்து ஓய்ந்தது. கேட் திறந்து ஏரிக்காரர் வெளியே வந்தார். கணக்கு முடிந்தவர் யாரும் அதுவரை கேட் வழியாகத் திரும்பியதில்லை, இவர் கம்பி வழியாகப் போகவில்லை. பதிலை ஊருக்குச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், இத்தனை நாள் நின்று நின்று, முடிந்துவிட்ட ஒருவரின் சந்தோஷம். முழங்கால் சேற்றில் கட்டம் போட்ட சட்டையோடு மேற்குத் தெருவுக்குள் இறங்கி, வீடு வீடாக, வீடில்லாத இடத்திலும் நின்று நின்று, "பதில் வந்துடுச்சுங்க. நான் தாங்க மாட்டேன். மேற்கு மதகுகிட்ட, செவ்வாய்க்கிழமை விடியக்காலையில உடைவேன். எல்லாரும் மேட்டுக்குப் போயிடுங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அவரை யாரும் அடிக்கவில்லை. பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். கன்னியப்பனைக் கிடத்தியிருந்த இடத்துக்கு வந்தபோது பச்சையம்மாள் சொன்னாள்: "சரிங்க. கேட்டுட்டோம்."

"சொல்லணும்னுதாங்க்கா நின்னேன்" என்றார் அவர். தெருவின் கடைசிவரை போய்ச் சொல்லி முடித்தார். அங்கே அவருடைய சட்டையின் கட்டங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன, பிறகு அந்த இடத்தில் சேறு மட்டும் இருந்தது.

விசாரணை நடந்தது. மூன்று தரப்பும் தாங்கள் ஒப்புக்கொண்டதற்கு மேல் ஒரு துளிகூட எடுக்கவில்லை என்று நிரூபித்தார்கள், அது உண்மையாகவும் இருந்தது. சுகிர்தாவின் ஏற்பாட்டில் பிழை எதுவும் காணப்படவில்லை என்று எழுதினார்கள். சுவிட்சைப் பற்றி அவள் எழுந்து நின்று சொன்னபோது, அதைத் தொடாமல் இருந்தது சரியான நடைமுறைதான் என்று அதையும் அவளுக்குச் சாதகமாகவே எழுதிக்கொண்டார்கள். இனி பாதுகாப்பு என்று நான்காவதாக ஒரு பங்கு சேர்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. மற்ற மூன்று பேரும் தங்கள் பங்கிலிருந்து விட்டுக்கொடுக்க மறுத்ததால் மிச்ச இடத்திலிருந்து அதை எடுத்தார்கள். மிச்ச இடம் இல்லாமல் போயிற்று. காசும் கெடுவும் இல்லாமல் வருகிற வேலைகளை அனுப்புகிற இடத்திலேயே வேண்டாமென்று திருப்பினார்கள். வரிசை மெலிந்தது, கார்த்திகையில் பந்தலைப் பிரித்தார்கள். இருந்த கெடு தாண்டியவர்களைக் கொண்டு கரையைக் கட்டி முடித்தார்கள். நன்றாகத்தான் கட்டினார்கள். மேற்குத் தெருக்காரர்கள் அந்த வேலைக்குக் கூலிக்கு வருகிறோம் என்று கேட்டபோது, ஆள் இருக்கிறது என்றது பஞ்சாயத்து.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து பச்சையம்மாள் கடை திறந்தாள். கூட்டம் இல்லை. பெஞ்சு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. சுகிர்தா வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். பச்சையம்மாள் தட்டில் தண்ணீர் தெளித்து, இட்லி வைத்தாள்.

"உன்ன ஒண்ணு கேக்கட்டுமா பாப்பா?"

"கேளுங்கக்கா."

"அந்தாளு இங்க நின்னப்போ, அவரு உள்ள போனா இன்னா பதில் வரும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"சந்தேகம் இருந்துச்சா?"

சுகிர்தா தட்டைப் பார்த்தாள். "இருந்துச்சு."

"எனக்கும் இருந்துச்சு" என்றாள் பச்சையம்மாள். "அந்தாளு கரையைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நான் அடுப்பாண்ட போயிடுவேன். வரிசை போயிட்டா யாவாரம் போயிடுமேன்னு நான் உன்னக் கெட்டியாக் கேக்கல. அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு கரைக்குப் போறேன்னாரு. நான்தான் உக்காருன்னேன்."

ரோட்டில் கெடு தாண்டியவன் ஒருவன், எல்லாக் கொல்லையிலும் வேலை முடிந்து திருப்பி அனுப்பப்பட்டவன், மெல்ல வந்து கடை எதிரே நின்றான். வழக்கமான கேள்வியைக் கேட்டான். பச்சையம்மாள் எழுந்து போய், கன்னியப்பன் உட்கார்ந்திருந்த மணையைத் தொட்டித் தண்ணீர் பக்கத்தில் இழுத்துப் போட்டு, எச்சில் தட்டுகளை அவன் முன்னால் வைத்தாள். அவன் கழுவத் தொடங்கினான். சொன்ன அளவுக்குக் கழுவினான், அதற்கு மேல் தேய்க்கவில்லை.